கரையில் தங்க வந்தவர்கள்: நந்திக்கடலும் ஒரு விடுமுறை விடுதியும்

செமஸ்டர் லீவு விட்ட உடன எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில வருகிற முதல் கேள்வி "எங்க போவம்?" என்பதுதான். பதில்களும் பெரிசா மாறாது: எல்ல, நுவரெலியா, அறுகம்குடா. கூடவே ஒரு படமும் வரும். தண்ணிக் கரையில ஒரு மரக்குடில், முன்னால ரெண்டு கதிரை, பின்னால காடு, கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. அந்தப் படத்தை ஆர் போட்டாலும் மிச்ச எல்லாரும் இதயம் போடுவம்.

ஆராவது "புதுக்குடியிருப்புக்குப் போவமா?" எண்டு கேட்டால் குழு அப்பிடியே அமைதியாகிவிடும். இத்தனைக்கும் அந்தப் படத்தில் இருக்கிற எல்லாம் அங்கயும் இருக்கு. களப்பு இருக்கு, காடு இருக்கு, கொஞ்சத் தூரத்தில பெருங்கடல் இருக்கு, பின்னேரத்தில கொக்கும் நாரையும் கூட்டமாய் வந்து இறங்கும். எங்களில அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் லீவுக்கு "வீட்ட போறம்" எண்டு சொல்லுவினம். மற்ற ஆக்கள் மே மாதம் போய் வருவம். "சுத்திப் பாக்கப் போறம்" எண்டு மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லுறேல்ல.

இந்தக் கட்டுரை அந்த அமைதியைப் பற்றியது. நந்திக்கடல் கரையில் ஒரு விடுமுறை விடுதி எண்டது எங்கட கற்பனை இல்லை. 2012 ஒக்டோபரில் அப்பிடி ஒண்டு உண்மையிலேயே திறக்கப்பட்டது. கட்டினது இலங்கை இராணுவம். திறந்து வைத்தவர் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. அதற்கு வைத்த பெயர் 'லகூன்ஸ் எட்ஜ்'. தமிழில் சொன்னால் களப்பின் ஓரம். அந்த ஓரத்தில் அதுக்கு முதல் ஆர் தங்கினவை? என்னத்துக்குள்ள தங்கினவை? எப்பிடிப் போனவை? இந்த மூண்டு கேள்விக்கும் பதில் தேடாமல் அந்த விடுதியையும் விளங்கிக்கொள்ள ஏலாது, எங்கட அமைதியையும் விளங்கிக்கொள்ள ஏலாது.

கிழவிக்குப் போட்ட குடில்

பேரில கடல் இருந்தாலும் நந்திக்கடல் ஒரு களப்பு. கிழக்கில ஒடுங்கின ஒரு மணல் நிலம் அதைப் பெருங்கடலில இருந்து பிரிக்கிறது. முள்ளிவாய்க்கால் இருப்பது அந்த நிலத்தில்தான். தெற்கு முனையில் வட்டுவாகல் பாலம். மேற்குக் கரையில் கேப்பாப்புலவு, அதற்குத் தெற்கே வற்றாப்பளை. வடமேற்கில் புதுக்குடியிருப்பு. முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வருகிற பேராறு இதுக்குள்ளதான் வந்து விழுகிறது. மாரியில் ஆத்துத் தண்ணி வந்து களப்பு நிரம்பும். வட்டுவாகல் பக்கம் மணல் வாய் உடைந்து கடலோட சேரும். கோடையில் வாய் மூடித் தண்ணி வத்தும், உப்பு ஏறும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் இப்பிடி மாறி மாறி வருவதால்தான் இந்தக் களப்பு இறாலுக்குப் பேர் போனது.

இந்தக் கரையில் போடப்பட்ட முதல் குடில் எது எண்டு கேட்டால், ஊர் ஞாபகம் ஒரு கதையைச் சொல்லும். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் ஈழத்துக்கு வந்தாளாம். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியளுக்கு முன்னால ஒரு கிழவியாக நிண்டாளாம். தங்க இடமில்லை எண்டாள். பொடியள் குழை தடி வெட்டி ஒரு குடில் போட்டுக் கொடுத்தினம். பொழுது பட்டது. விளக்கேத்த எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை எடுத்து ஊத்திக் கொளுத்தச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், தலையெல்லாம் கண்களாக இருந்தது. பார்த்தவர்கள் திகைத்து நிற்கக் கிழவி மறைந்துபோனாள். வைகாசியில் வருவன் எண்டு சொல்லிவிட்டுப் போனாளாம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிறது இதனால்தான்.

வரலாற்றுப் பாடத்தில் இதை ஆதாரமாக எழுதினால் புள்ளி கிடைக்காது. ஆனால் ஒரு கரை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது எண்டதுக்கு இது நல்ல ஆதாரம். வெளியில இருந்து வந்த ஒருத்தி தங்க இடம் கேட்கிறாள், கரையில் இருந்தவர்கள் போட்டுக் கொடுக்கிறார்கள். விருந்தாளி ஆர், வீட்டுக்காரர் ஆர் எண்டதில் குழப்பமே இல்லை.

வாடியும் பங்களாவும்

கதையை விட்டு நிலத்துக்கு வந்தால், இந்தப் பக்கத்துத் தண்ணிக் கரைகளில் ஆக்கள் கொஞ்சக் காலம் தங்கப் போட்ட குடில் வாடிதான். காட்டுத்தடி நட்டு, கிடுகோ பனையோலையோ வேய்ந்து, மணலையே தரையாக வைத்துக்கொண்டு போடுறது. சீசன் முடிய அப்பிடியே விட்டுவிட்டுப் போவினம், அடுத்த முறை வந்து புதிசா வேய்வினம். உறுதியும் இல்லை, வரைபடமும் இல்லை. ஆர் எந்த இடத்தில வாடி போடலாம், ஆற்ற கரைவலைப் பாடு எதுவரை எண்டதெல்லாம் பேச்சிலயும் பழக்கத்திலயும் நிண்டது. ஓய்வுக்குப் போட்ட குடில் இல்லை இது. ஆனாலும் வாடியில் ஓய்வும் இருந்தது. வலை காயும் வரைக்கும் படுக்கிறது, சுட்ட மீனோட சோறு, கடுதாசி விளையாட்டு, ராத்திரிக் கதை எல்லாம் அதுக்குள்ள அடங்கும்.

வாடியின் கதை அழகாக மட்டும் இருக்கவில்லை. முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம், மேற்குக் கரையில் கடல் குழம்புகிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் வந்து வாடி போடுவது பழைய வழக்கம். 1984 டிசெம்பர் தொடக்கத்தில் கொக்கிளாயிலும் நாயாறிலும் சிங்கள மீனவர் குடியிருப்புகளை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள், பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்ச் சனம் இராணுவத்தால் ஊரைவிட்டு விரட்டப்பட்டது. போர் முடியும் வரை அவர்களால் திரும்ப முடியவில்லை. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்ட முஸ்லிம்கள் உட்பட வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள். 2018 ஓகஸ்டில் நாயாறில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் இரவோடு இரவாக எரிக்கப்பட்டன. ஓலைக் குடில் பத்தி எரிய ஐஞ்சு நிமிசம் காணும். பேச்சிலயும் பழக்கத்திலயும் நிண்ட உரிமையும் அப்பிடித்தான். ஆயுதம் வந்த உடன முதலில் போனது அதுதான்.

வாடிக்குப் பக்கத்தில் இன்னொரு மரபும் வளர்ந்தது. பிரித்தானியர் காலத்து அதிகாரிகள் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் வன்னியைச் சுற்றினார்கள். வன்னியில் வேலை செய்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கையேடே வெளியிட்டார். இப்பிடிச் சுற்றுகிற துரைமார் தங்குவதற்காக முக்கிய வீதிகளில் ஓய்வு விடுதிகள் வந்தன. பிறகு பெரிய குளங்களின் கட்டுக்குப் பக்கத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பங்களாக்கள் வந்தன. சாய்மனைக் கதிரை, பெயர் எழுதுகிற கொப்பி, சமைத்துப் போட ஒரு ஆள், முன்னால தண்ணி. எங்கட வட்ஸ்அப் படத்துக்கு மூத்த பிரதி இதுதான்.

இதில் பேர் போனது ஆனையிறவு. களப்பின் கரையில் நிண்ட பழைய ஒல்லாந்தர் கோட்டையை ஓய்வு விடுதியாக மாத்தினவை. யாழ்ப்பாணத்துக்கு வருகிற போகிற ஆக்கள் அங்க இறங்கித் தங்கிப் போவினம். பிறகு அதே இடம் இராணுவ முகாமின் பகுதியாகி, 1991இல் ஆனையிறவுச் சண்டையின் களமானது. கோட்டை விடுதியானது, விடுதி மறுபடி காவலரணானது. வடக்கில் தண்ணிக் கரையைப் பார்த்தபடி நிண்ட கட்டடங்களுக்கு இப்பிடி ஒரு தலைவிதி. தண்ணியைப் பார்க்க நல்ல இடம் எண்டால், தண்ணியைக் காவல் காக்கவும் அது நல்ல இடம்.

வாடிக்கும் பங்களாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசத்தைக் கவனிக்க வேணும். வாடி போட்டவன் அந்தத் தண்ணியில் இறங்கினவன். பங்களாவில் இருந்தவர் அந்தத் தண்ணியைப் பார்த்தவர். கரை ஆற்ற எண்டு கேட்டால், பார்த்தவரிடம்தான் கடுதாசி இருக்கும்.

தறப்பாள்

புதுக்குடியிருப்பு எண்ட பேரையே ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. புதிசாக் குடியிருக்க வந்த இடம். ஆனால் அங்க இருந்த சனம் எத்தினை தரம் புதிசாகக் குடியிருக்க வேண்டி வந்தது எண்டு கணக்கெடுத்தால் பேரே கேலி மாதிரித் தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வன்னியின் மற்றப் பக்கங்களில் இருந்தும் இடம்பெயர்ந்த சனம் அங்க வந்து கொட்டில் போட்டது. 2004 டிசெம்பர் 26இல் சுனாமி முல்லைத்தீவுக் கரையை அடித்துக்கொண்டு போனபோது தப்பினவை கூடாரங்களுக்குள்ள இருந்தினம்.

2009 தொடக்கத்தில் மொத்த வன்னியும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அரசாங்கம் ஜனவரி 21இல் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரி 12இல் இரண்டாவது. இந்த முறை கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருந்த ஒடுங்கின நிலம். மே 8இல் மூண்டாவது, இன்னும் சின்னது. ஜனவரிக் கடைசியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது திரும்பத் திரும்ப எறிகணை விழுந்தது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் எண்டும், பெரும்பாலான சாவுக்குக் காரணம் அரச படைகளின் எறிகணை எண்டும் சொன்னது. வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்தது.

நாங்கள் அப்ப சின்னப் பிள்ளைகள். எங்களில சிலருக்கு அந்தக் கரையைப் பற்றிய முதல் ஞாபகம் தறப்பாள்தான். கடற்கரை மணலில் வெட்டின பதுங்குகுழி இடிந்து விழும் எண்டு அம்மாமார் சீலைகளைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினவை. கூறைச் சீலையும் அப்பிடிப் போனது. அதுக்கு மேல ஒரு தறப்பாள். அதுவும் நந்திக்கடல் கரையில் போட்ட குடில்தான். அங்கயும் ஆக்கள் சோறு இல்லாமல் கஞ்சி காய்ச்சினவை, பிள்ளை பெத்தவை, செத்தவர்களைப் பக்கத்திலேயே தாட்டவை. கடைசியில் கழுத்தளவு தண்ணியில் களப்பைக் கடந்து மறுகரைக்குப் போனவை.

அங்கயிருந்து செட்டிகுளம். ஏறத்தாழ மூண்டு இலட்சம் சனம் முட்கம்பிக்குள்ள இருந்தது. மெனிக் பாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி எண்டு பேர் வைத்திருந்தினம். எங்கட பாடப்புத்தகத்தில் பெரிய மனிதர்களாகப் படித்த பேர்கள், எங்களில சிலருக்குக் கூடார விலாசங்கள்.

2012: செப்டெம்பரும் ஒக்டோபரும்

சனம் முகாமில் இருந்த காலத்தில் களப்புக் கரை சும்மா கிடக்கவில்லை. 2009 டிசெம்பரிலேயே புதுக்குடியிருப்புப் பக்கம் வெற்றிச் சின்னம் திறக்கப்பட்டது: கற்பாறையில் இருந்து துவக்கோட எழும்புகிற ஒரு சிப்பாய், கையில் கொடி. பக்கத்தில் பிடிபட்ட ஆயுதங்களையும் படகுகளையும் வைத்த காட்சிக்கூடம். அந்தத் திறப்பு விழா நடந்தபோது புதுக்குடியிருப்புச் சனத்துக்குத் தங்கட வீட்டு முத்தத்தைப் பார்க்க அனுமதி இல்லை. பிறகு தெற்கில இருந்து பஸ் பஸ்ஸாக ஆக்கள் வந்தார்கள். புலிகளின் தலைவர் பாவித்த நாலு தட்டு நிலக்கீழ்ப் பதுங்குமிடமும் பார்வைக்கு விடப்பட்டிருந்தது. 2013 ஒக்டோபரில் இராணுவமே அதை வெடிவைத்துத் தகர்த்தது.

2012 செப்டெம்பர் 24இல் மெனிக் பாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறினவர்கள் 1,160 பேர். அவர்களில் 110 குடும்பங்கள் கேப்பாப்புலவு ஆக்கள், நந்திக்கடலின் மேற்குக் கரைக்காரர். மூண்டு வருசம் முகாமில் இருந்த அவர்களை பஸ்ஸில் ஏத்தி வந்து, சொந்த ஊரில் இறக்காமல், சீனியாமோட்டையில் காடு வெட்டின ஒரு வெளியில் இறக்கினார்கள். ஊரை இராணுவம் எடுத்துவிட்டது. அந்தக் குடும்பங்கள் தங்கட ஊர் ஆக்களுக்கான கொட்டில்களை அந்த வெளியில் புதிசாகப் போடத் தொடங்கின.

அடுத்த மாதம் 'லகூன்ஸ் எட்ஜ்' திறக்கப்பட்டது.

இந்த ரெண்டு திகதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் நாங்கள் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினோம். விடுதி நிற்கிறது கேப்பாப்புலவு ஆக்களின்ர காணியில் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது வேற. ஒரே களப்பு, ஒரே மாரிகாலத் தொடக்கம். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தங்க அனுமதி இல்லை. விடுமுறைக்கு வாறவர்களுக்குக் கட்டில் போட்டு, மெத்தை விரித்து, தண்ணி தெரிகிற மாதிரி வாசல் வைத்துத் தங்குமிடம் தயார். ரெண்டையும் முடிவு செய்தது ஒரே நிறுவனம்.

இது நந்திக்கடலோட நிண்ட கதையும் இல்லை. காங்கேசன்துறையில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் நடத்தின தல்செவன விடுதி இருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் அப்பவும் சில மைல் தள்ளி முகாம்களில் இருந்தினம். கடற்கோட்டை எண்டு நாங்கள் சொல்லுகிற ஹமன்ஹீல் கோட்டை கடற்படையின் ஹோட்டலாக மாறியது. போருக்குப் பிறகு படைகள் ஊரில் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. விருந்தோம்பலும் அப்பிடி ஒரு காரணமானது. காவலரணுக்கு எதிர்ப்புச் சொல்லலாம். ஹோட்டலுக்கு முன்னால நிண்டு என்ன சொல்லுறது?

கேப்பாப்புலவு ஆக்கள் சொன்னார்கள். 2017 ஜனவரிக் கடைசியில் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாமின் வாசலில் வந்து இருந்தது. பெரும்பாலும் பெண்கள், கைக்குழந்தையோட வந்தவையும் இருந்தினம். வீதியோரத்தில் தடி நட்டு, தறப்பாள் கட்டி, இரவும் பகலும் ஒரு மாதம். அதே பெப்ரவரியில் புதுக்குடியிருப்பிலும் சனம் இராணுவ முகாமுக்கு முன்னால இருந்து தங்கட காணியைக் கேட்டது. மார்ச் 1இல் பிலக்குடியிருப்பு விடுபட்டது. அண்டைக்கே மிச்சக் கேப்பாப்புலவு ஆக்கள் தங்கட கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்த வருசக் கடைசியில் 133 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. போராட்டம் அதோட முடியவில்லை.

வாடி, பங்களா, தறப்பாள், விடுதி எண்டு இந்தக் கரையின் குடில்களை வரிசைப்படுத்தினால், அஞ்சாவதாக இந்தப் போராட்டக் கொட்டிலைச் சேர்க்க வேணும். அதுக்குள்ள படுத்தவர்கள் ஓய்வுக்காகப் படுக்கவில்லை. ஒருநாள் தங்கட முத்தத்தில ஓய்வாக இருக்கிறதுக்காகப் படுத்தார்கள்.

அதே 2017 ஜனவரியில் இன்னொரு அறிவித்தலும் வந்தது. நந்திக்கடலில் 4,141 ஹெக்டேயருக்கு மேல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டது. பறவைக்கும் மீனுக்கும் பாதுகாப்பு வேணும் எண்டதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் வீச்சுவலையோட தினமும் தண்ணியில் இறங்குகிறவருக்கு, இராணுவ எல்லைக்கல்லும் வனசீவராசிகள் எல்லைக்கல்லும் ஒரே மாதிரித்தான் தெரியும். ரெண்டும் அவரைக் கேட்காமல் நடப்பட்டவை.

குடிலுக்கு முதல் இருந்தவர்கள்

உலகத்தில் அதிகம் பேசப்பட்ட குளக்கரைக் குடில் அமெரிக்காவில் வால்டன் குளத்துக் கரையில் இருந்தது. ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4இல் அதுக்குள்ள குடிபுகுந்தார். காணி நண்பர் எமர்சனுடையது. குடிலுக்கு மொத்தமாக 28 டொலர் 12½ சதம் செலவானது எண்டு கணக்கும் எழுதி வைத்தார். எங்கட வட்ஸ்அப் படங்களில் வருகிற தனிமை ஆசைக்கு இந்தக் குடிலுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்தப் புத்தகத்தையே கவனமாக வாசித்தால் வேற ரெண்டு விசயம் கண்ணில் படும். குடிலுக்கான பலகையை அவர் வாங்கியது ஜேம்ஸ் கொலின்ஸ் எண்ட ஐரிஷ் ரயில்பாதைத் தொழிலாளியின் கொட்டிலைப் பிரித்துத்தான். விலை 4 டொலர் 25 சதம். விடிய ஆறு மணிக்குள்ள அந்தக் குடும்பம் சாமானை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. பிறகு ஒரு அத்தியாயத்தின் முதல் பகுதி அந்தக் காட்டில் முன்பு குடியிருந்தவர்களைப் பற்றியது. அதில் வருபவர்களில் பலர் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர்கள். நல்ல நிலத்தில் இடம் கிடைக்காததால் குளக்காட்டு ஓரத்துக்கு வந்தவர்கள். தோரோ போனபோது வீடுகள் இருந்த இடத்தில் குழிகளும் கற்களும்தான் மிச்சம்.

தோரோவைக் குற்றவாளி ஆக்குவதற்கு இதைச் சொல்லவில்லை. குறைந்தபட்சம் அவர் அந்தப் பேர்களை எழுதினார். "ஆள் இல்லாத தண்ணிக்கரை" எண்டு எங்களுக்குப் படத்தில் தெரிகிற இடம் பெரும்பாலும் ஆள் இல்லாமல் ஆக்கப்பட்ட இடம். அந்த அமைதி எங்கயிருந்து வந்தது எண்டு கேட்கிறது வரலாறு படிக்கிறவையின் வேலை.

அப்ப நாங்கள் போகலாமா?

இந்தக் கேள்வியை வைத்து எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு பக்கம், "சுடலையில் போய் ஆராவது லீவு கழிப்பினமோ?" எண்டு கேட்டவை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. இன்னும் தேடப்படுகிற ஆக்கள் இருக்கினம். முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கையில் படத்தோட இருந்த வருசங்கள் எங்கட கண்ணுக்கு முன்னால போனவை. அந்தத் தண்ணியில் கால் வைக்கவே எங்களில சிலருக்கு ஏலாது.

மற்றப் பக்கம், புதுக்குடியிருப்பில இருந்து வந்து எங்களோட படிக்கிற ஒரு தோழி சொன்னாள்: "நீங்கள் மே மாசம் வந்து அழுதிட்டுப் போறியள். நாங்கள் மிச்சப் பதினொரு மாசமும் அங்கதான் இருக்கிறம். ஒருக்கா சும்மா வந்து, எங்கட வீட்டில நிண்டு, இறால் திண்டிட்டுப் போங்கோவன்." அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

அவள் சொன்னதை நாங்கள் இப்பிடி விளங்கிக்கொண்டோம். ஒரு கரையை வெறும் நினைவுச்சின்னமாக்குவதும் அந்தக் கரைச் சனத்திடம் இருந்து எதையோ எடுப்பதுதான். வெற்றிச் சின்னம் அதைச் செய்தது. எங்கட துக்கமும் தெரியாத்தனமாக அதையே செய்துவிடலாம். புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கு நந்திக்கடல் எண்டால் மே 18 மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தூண்டில் போட்ட இடம், கோடையில் சைக்கிளோட இறங்கின இடம், வைகாசிப் பொங்கலுக்கு நடந்து போன வழி. ஓய்வும் ஒரு உரிமை. கரையில் பிறந்தவருக்குத்தான் அந்த உரிமை முதலில் வேணும்.

ஆகவே எங்கட பதில், போகலாம். ஆனால் ஆற்ற வாசலால் போறம் எண்டதில் எங்களுக்கு ஒரு முடிவு இருக்கு. படைகள் நடத்துகிற விடுதியில் நாங்கள் தங்கமாட்டம், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு வடிவாக இருந்தாலும். ஊர் ஆக்கள் நடத்துகிற தங்குமிடத்தில், ஊர் ஆக்களின்ர வீட்டில், அவர்கள் சொல்லுகிற வாடகைக்குத் தங்குவம். களப்பில் பிடித்த இறாலைப் பிடித்தவரிடமே வாங்குவம். வீதியோரத்தில் இன்னும் ஆராவது காணி கேட்டுக் கொட்டில் போட்டிருந்தால், படம் எடுக்கிறதுக்கு முதல் பக்கத்தில போய் இருப்பம்.

வற்றாப்பளைக் கதையில் கிழவி இடம் கேட்டது கரையில் இருந்தவர்களிடம். கரைக்காரர் கரையில் இருந்தபடியால்தான் அவர்களால் ஒரு விருந்தாளிக்குக் குடில் போட்டுக் கொடுக்க முடிந்தது. மிச்சக் காணி எல்லாம் திரும்பிவர வேணும் எண்டு நாங்கள் கேட்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால்தான் எங்களை "வாங்கோ" எண்டு கூப்பிட ஏலும்.